மழைக்குள் காணாமற்போன சொல்

பிள்ளைகளே, ஒலிப்பதிவுகளைத் திருத்தும் நம் மேல்மாடி அறையின் சாவியை உங்களிடம் கொடுத்த அன்று நான் அதிகம் பேசவில்லை. மேடையேறிப் பேச எனக்கு வராது. மற்றவர்கள் பேசியதைக் கேட்டு, உடைந்ததை ஒட்டிக் கொடுத்தே பிழைத்தவள் நான். வலது காதில் மெல்லிய கீச்சொலிகள் விழுவது குறைந்துவிட்டது என்று டொக்டர் சொன்னதும், இனி இந்தக் காதை நம்பி யாருடைய குரலிலும் கைவைக்கக் கூடாது என்று நானே தீர்மானித்து வேலையை விட்டுவிட்டேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இப்போது காலையில் தேத்தண்ணியோடு ரேடியோவைச் சும்மா கேட்கிறேன். எங்கே வெட்டியிருக்கிறார்கள், எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடுவதில்லை. அது பெரிய சுகம், உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும்.

உங்களில் ஒரு பிள்ளை போன வாரம் என்னைக் கேட்டாள், "அக்கா, சத்தத்தச் சுத்தம் பண்றதுல எங்க நிப்பாட்டணும்னு எப்படித் தெரியும்?" என்று. வீட்டுக்கு வந்த பிறகு மலர் என்பவள் கொண்டுவந்த மெமரி காட் ஞாபகம் வந்தது. அதை எழுதிவிடுகிறேன். கணினிக் கட்டளைகளை நீங்கள் என்னைவிட வேகமாக அடிப்பீர்கள். அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஹட்டன் டவுனில் மஜீத் நானாவின் இரும்புக் கடைக்கு மேலே நம்முடைய அறை. அந்தக் காலத்தில் வந்த வேலைகளெல்லாம் கோயில் திருவிழா, மரண அறிவித்தல், பள்ளிக்கூட நாடகம் என்றுதான் இருந்தன. எங்களிடம் இருந்த பழைய கணினியில் படம் படமாகக் காட்டும் மென்பொருளைத் திறந்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதனால்தான் நான் கறுப்புத் திரையில் கட்டளை எழுதி வேலை செய்யப் பழகினேன். வெட்டுவது, ஒட்டுவது, ஒலியைக் கூட்டுவது, இரைச்சலைக் குறைப்பது எல்லாம் ஒவ்வொரு வரிதான். ஆசைப்பட்டுப் படித்தது இல்லை, வேறு வழி இல்லாமல் படித்தது. பிறகு நல்ல கணினி வந்தும் அதை விட மனம் வரவில்லை. என்ன செய்தேன் என்பது வரிவரியாக அங்கேயே இருக்கும், யார் கேட்டாலும் காட்டலாம்.

ஒரு சனிக்கிழமை காலை மலர் வந்தாள். டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவளோடு தோட்டக் கமிட்டித் தலைவர் ராமரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, எதையும் சத்தமாகச் சொல்கிற மனிதர். மலர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, விரல் நகமளவு மெமரி காட்டை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, இதுல பெரிய தொரையோட பேச்சு இருக்கு. ஆனா தொறக்க மாட்டேங்குது. நுவரெலியால ரெண்டு கடைல காட்டிட்டோம். செத்துப்போச்சுங்கிறாங்க."

கதையை ராமர் சொன்னார். முந்தைய வருடம் அடைமழையில் அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அங்கே இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லி, குடும்பங்களைத் தோட்டத்தின் பழைய ஃபெக்டரிக்கு மாற்றினார்கள். சேலையைக் கட்டி மறைத்து, மறைப்புக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். அப்போதிருந்த பெரிய தொரை, அதாவது தோட்ட மனேஜர், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, விளையாட்டு மைதானத்துக்கு மேலே இருக்கும் மேட்டு நிலத்தை வீடு கட்டத் தருவதாகச் சொன்னார். அடுத்த சில நாட்களில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. கொஞ்ச காலத்தில் ஓய்வும் பெற்றுவிட்டார்.

"புதுசா வந்த தொரைகிட்ட கேட்டா, அப்படி ஒண்ணும் ஒப்பீஸ்ல இல்லைங்கிறாரு. பழைய தொரைகிட்ட போன்ல கேட்டிருக்காங்க. நான் வாக்குக் குடுக்கலன்னு சொல்லிட்டாராம். பார்த்தீங்களா மிஸ், எங்க முன்னால நின்னு சொன்ன மனுஷன்!" ராமரின் குரல் ஏறியது. "திங்கக்கிழம பிரதேச செயலகத்துல விசாரணை. கையில ஒண்ணுமில்லாம போனா அந்த மேட்டுல தேயிலை நட்டுருவாங்க. நாங்க சேலை மறைப்புலயே கிடக்க வேண்டியதுதான்."

கூட்டத்தன்று மலர் தன் போனில் பதிவு போட்டு, கொழுந்து நிறுக்கிற மேசையில் வைத்திருக்கிறாள். யாரும் ஒளித்துச் செய்யவில்லை, தொரைக்கும் தெரியும். பதிவை நிறுத்துவதற்குள் பெட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

முதலில் மெமரி காட்டில் இருந்ததை அப்படியே நகல் எடுத்தேன். அசலைக் கைக்குட்டையில் திரும்பவும் முடிந்து மலரிடமே கொடுத்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஆட்களின் ஒரே பிடிமானத்தின் மேலேயே வேலை செய்யக் கூடாது.

கோப்பு வெறுமையாக இல்லை, நல்ல எடை இருந்தது. அதனால் குரல் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். போன் ஒரு பதிவை முடிக்கும்போது, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில் எழுதும். பாதியில் அணைந்தால் அதை எழுதாது. புத்தகத்தின் தையலைப் பிரித்துத் தாள்களை மூட்டையாகக் கட்டியது மாதிரி, எல்லாம் இருக்கும், வரிசை தெரியாது. அதே போனில், அதே செயலியில் எடுத்த நல்ல பதிவு ஒன்று கிடைத்தால் அதைப் பார்த்து வரிசையைத் திரும்பக் கட்டலாம்.

"அந்த போன் எங்க, மலர்?"

அவள் முகம் வாடியது. "அவரு கொண்டு போயிட்டாருக்கா. கொழும்புல இரும்புக் கடைல வேலை. நல்ல போன் இல்லாம முடியாதுன்னு, அவரோட பழசக் குடுத்துட்டு..."

"நல்லதாப் போச்சு. வித்துட்டேன்னு சொல்லாம இருந்தியே. போன் போட்டுக் குடு அவருக்கு."

மலரின் கணவர் சந்திரன் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் கடையில் ஒரு மூலைக்குப் போய் ஏதோ பேசி அனுப்பினார். வந்தது குரல் செய்தி. அது வேறு விதமாகச் சுருக்கப்பட்டு வருவது, எங்களுக்கு உதவாது. ரெக்கோடரில் எடுத்து, கோப்பை டொகியூமன்ட்டாக இணைத்து அனுப்பச் சொல்லி விளக்கினேன். மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது. சரியான கோப்புத்தானா என்று பார்க்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"மலரு, அக்கா என்னமோ கொஞ்ச நேரம் பேசச் சொல்றாங்க. என்னத்தப் பேசுறது? இங்க ஒரே வெக்கை. ஒன்னோட ரொட்டியும் சம்பலும் சாப்பிடணும்போல இருக்கு. சின்னவன் பல்லு விழுந்துச்சுன்னியே, அத எடுத்து வை, நான் பாக்கணும்..."

ராமர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள், கண் கலங்கியும் இருந்தது. நான் பாதியில் நிறுத்திவிட்டு, "கோப்பு சரி" என்று மட்டும் சொன்னேன்.

கட்டளை ஓடியது. எச்சரிக்கைகள் சரசரவென்று இறங்கின. பிறகு புதிய கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. அழுத்தினேன். மழை! கொழுந்து மடுவத்துத் தகரக் கூரையில் கொட்டுகிற மழை அறையை நிறைத்தது. அதற்கு அடியில் ஒரு ஆண் குரல். மலர் எழுந்தே விட்டாள்.

"தொரைதான்! தொரை பேச்சுதான்!"

பேச்சு இருப்பது தெரிந்தது, சொற்கள் தெளிவாக இல்லை. ராமர் அவசரப்பட்டார். "மழைய எடுத்துருங்க மிஸ். இப்படிக் கொண்டு போனா ஐயாமாருக்கு என்ன வெளங்கும்?"

அவர் கேட்டது நியாயம். மழை மட்டும் கேட்கிற ஒரு துண்டை எடுத்து, இதுதான் இரைச்சல் என்று கணினிக்குக் காட்டி, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கச் சொன்னேன். கொஞ்சம் கழித்தேன், போதவில்லை. இன்னும் கழித்தேன். மழை தூரத்துக்குப் போனது. தொரையின் குரல் கொஞ்சம் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தாலும், தோட்டத் தமிழில் அவர் சொன்னது கேட்டது.

"ப்ளேகிரவுண்ட் மேல இருக்கிற எடம் ஒங்களுக்குக் குடுக்கிறேன்."

ராமர் குடையால் தரையில் தட்டினார். "இது போதும்! இது போதும் மிஸ்!" அங்கேயே நின்று தோட்டத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஆட்கள் கத்துவது எனக்கே கேட்டது. ஞாயிறு பின்னேரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். எனக்கும் சந்தோஷம். கீழே போய் நானாவின் கடையில் பிளேன்டீ குடித்தேன்.

ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசை முடிந்து நேராக அறைக்கு வந்தேன். கொடுக்கும் முன் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கீழே நானா பைப் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, கொஞ்ச நேரம் வெட்டாம இருப்பீங்களா? ஒரு சொல்லு கேக்கணும்."

"கேளுங்க தங்கச்சி. பைப் எங்கயும் ஓடாது."

ஹெட்போனைப் போட்டு, கண்ணை மூடி, மழையோடு இருந்த பதிவை ஓடவிட்டேன். அந்த இடம் வந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்தது. திருப்பிப் போட்டேன். மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். ஒலியைக் கூட்டிக் கேட்டேன்.

தொரை "குடுக்கிறேன்" என்று சொல்லவில்லை. "குடுக்கப் பாக்கிறேன்" என்று சொன்னார்.

அந்த நேரம் அவர் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும், காற்றும் அடித்து மழை ஓங்கியிருக்கிறது. "பாக்" என்பது மெல்லியதாக மழைக்குள் போய்விட்டது. நான் மழையைக் கழித்தபோது கணினி அதையும் மழையென்று நினைத்துக் கழித்துவிட்டது. மீதி இரண்டு நுனியும் ஒன்றாகச் சேர்ந்து வேறொரு சொல்லாகிவிட்டது. நல்ல தெளிவான சொல். எல்லோரும் கேட்க ஆசைப்பட்ட சொல்.

பின்னேரம் இருவரும் வந்தார்கள். மலர் எனக்கு ஒரு பையில் லீக்ஸும் கரட்டும் கொண்டு வந்திருந்தாள். அதை வாங்கி வைத்துவிட்டு இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன். ராமர் முதலில் தனக்கு வித்தியாசம் கேட்கவில்லை என்றார். மறுபடி போட்டேன். அவர் முகம் மாறியதில் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

மலர்தான் முதலில் பேசினாள். "அப்போ நாங்க பொய்யாக்கா சொல்லிக்கிட்டிருந்தோம்?"

"பொய் இல்ல மலர். நீங்க எல்லாரும் வீட்ட நெனைச்சுக்கிட்டு நின்னீங்க. மழை வேற. காதுல விழுந்தது அப்படி."

ராமர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "மிஸ், நான் ஒங்கள எதையும் வெட்டச் சொல்லல. ஒட்டச் சொல்லல. மெஷின் பண்ணினதுதானே? நேத்து கேட்டத அப்படியே குடுங்க. ஒங்க மேல ஒரு குத்தமும் வராது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். "பொய்யாக ஒட்டிக் கொடுங்கள்" என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டேன் என்பது சுலபம். ஆனால் அவர் அப்படிக் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே நல்ல எண்ணத்தோடு செய்து முடித்த வேலையைத்தான் கேட்டார். எதிரே சேலை மறைப்புக்குள் பிள்ளை வளர்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் சும்மா இருந்தாலே போதும். என் மனமும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சாய்ந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் நேற்று எனக்குத் தெரியாது, இன்று தெரியும். மெஷின் செய்தது என்று நேற்று சொல்லலாம். இன்று கொடுத்தால் நான் செய்ததுதான்.

"தலைவரே, மழையோட இருக்கிறதத்தான் குடுப்பேன். அதுவும் முழுசா. சத்தத்த மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்கிறேன், எல்லா எடத்துலயும் ஒரே அளவா. நேத்து கேட்டத இந்தா, இப்பவே அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா?" அவர் எழுந்துவிட்டார். "பாக்கிறேன்னு சொன்னத வச்சு நாங்க என்ன பண்றது? பாத்தேன், முடியலம்பாரு. அதோட முடிஞ்சுது. இத்தன குடும்பத்த தெருவுல விட்டுட்டீங்க மிஸ்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு இறங்கினார். மலரும் பின்னால் போனாள். காய்ப் பை மேசையில் இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முழுதாகத் தருவேன் என்று வாய்விட்டாயிற்று. அப்படியானால் முழுதும் கேட்டாக வேண்டும். அதுவரை நாங்கள் மூவருமே அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு பதிவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து கேட்டேன். ஆட்கள் நன்றி சொல்கிறார்கள். கூட்டம் கலைகிறது. கோப்பைகள் உரசுகின்றன. பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். மலர் தேத்தண்ணி பரிமாறப் போயிருக்க வேண்டும், போன் மேசையிலேயே கிடக்கிறது. மழை கொஞ்சம் விடுகிறது. யாரோ இருவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். தொரையின் குரல், இப்போது சிங்களத்தில், பக்கத்தில் நின்ற, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் சொல்கிறது.

"ஹெட்டம கிஹில்லா பிட்டனியட்ட உடின் கூஞ்ஞ கஹன்ன. மே மினிஸ்ஸுன்ட்ட தென இடம."

அதாவது, நாளைக்கே போய் மைதானத்துக்கு மேலே எல்லை முளை அடியுங்கள், இந்த ஆட்களுக்குக் கொடுக்கிற காணி. அவ்வளவுதான். கண்டாக்கு "ஹரி சேர்" என்கிறார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் போன் அணைகிறது.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மலருக்குப் போன் போட்டேன். அவர்கள் பஸ்ஸில் இருந்தார்கள்.

"மலர், மைதானத்துக்கு மேல எப்பவாவது முளை அடிச்சிருந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"முளையா? தெரியலக்கா. அங்க ஒரே மானாப் புல்லு. நாங்க யாரும் ஏறுறதில்ல. கண்டாக்கு ஐயாவும் அந்த மாசமே வெளிநாடு போயிட்டாரு."

"எறங்கினதும் நேரா அங்க போ. வெளிச்சம் இருக்கையிலயே போ. தலைவரையும் கூட்டிட்டுப் போ."

அந்த ஞாயிறு பின்னேரம் நான் அறையைப் பூட்டவே இல்லை. நானா கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து, என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் உட்கார்ந்துகொண்டார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் போன் வந்தது. மலர் மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, இருக்கு! சீமெந்துக் கட்டை! புல்ல வெட்ட வெட்ட வரிசையா வருது. பெயின்ட் அடிச்சு நம்பர்கூடப் போட்டிருக்கு!" பின்னால் பெண்களின் சத்தம், கத்தி புல்லில் விழும் சத்தம். "தலைவரு ஒரு கட்டை மேலயே ஒக்காந்துட்டாரு. எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

நானா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் சிலுவைக் குறி போட்டேன்.

மறுநாள் பிரதேச செயலகத்துக்கு நானும் போனேன். பதிவைத் திருத்தியவள் என்ற முறையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பழைய தொரையும் கண்டியிலிருந்து வந்திருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. யாரையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். விசாரித்த அதிகாரி ஒரு சிங்களப் பெண், நல்ல தமிழ் பேசினார்.

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மடிக்கணினியைத் திருப்பி, அடித்த கட்டளைகளைக் காட்டினேன். "உடைஞ்ச கோப்பைச் சேர்த்தேன். சத்தத்தக் கூட்டினேன். வேற ஒண்ணும் இல்ல. நடுவுல மழை கேக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேக்கணும்."

ஓடவிட்டேன். தொரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தார். "குடுக்கப் பாக்கிறேன்" வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ராமர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதத்தான் நான் சொன்னேன்," என்றார் தொரை. "பாக்கிறேன். மேலிடத்துல கேக்காம வாக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. குடுக்கிறேன்னு நான் சொன்னதா போன்ல கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். இவங்க என்னப் பொய்க்காரன்னு பேசிட்டாங்க."

"மீதியையும் கேப்போமே, சேர்," என்றேன்.

கோப்பைகள் உரசின, மழை விட்டது. சிங்களத்தில் அவருடைய குரல் வந்தபோது அந்த மனிதர் மெதுவாக முன்னால் குனிந்தார். முடிந்ததும் நிமிர்ந்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்.

"இது என் குரல்தான். முளை அடிச்சாங்களான்னு பாக்கக்கூட எனக்கு நேரம் கெடைக்கல, மாத்திட்டாங்க. ஆனா அந்த எடம் இவங்களுக்குன்னு நெனைச்சுத்தான் சொன்னேன். எழுத்துல வேணும்னா நான் எழுதித் தாறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பாக்கிறேனை வெட்டிட்டுக் கொண்டு வந்திருந்தீங்கன்னா, நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். மீதி எதையும் கேட்டிருக்க மாட்டேன்."

அங்கே வந்திருந்த புதிய தொரையும் தடை சொல்லவில்லை. முளை இருக்கிறது, குரல் இருக்கிறது, சொன்னவரே எதிரில் இருக்கிறார். அன்றே காணி முடிவாகிவிடவில்லை. அளப்பது, ஒப்புதல் என்று இழுத்தது. ஆனால் அந்த மேட்டில் யாரும் தேயிலை நடவில்லை.

வீடுகள் எழும்பிப் பால் காய்ச்சிய அன்று என்னையும் நானாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மலரின் வீட்டுக் கதவுக்கு நீலப் பெயின்ட். சந்திரன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு, பக்கத்து டவுனில் ஒரு கடையில் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, அன்னைக்கு நான் பேசினத எல்லாரும் கேட்டாங்களாமே" என்று நெளிந்தார். சின்னவன் வாய் நிறையப் பல்லோடு ஓடிக்கொண்டிருந்தான்.

ராமர் மட்டும் என்னிடம் வரவில்லை. விசாரணைக்குப் பிறகும் அவர் என்னோடு நேராகப் பேசியதில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு முடிந்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஆள் இல்லாத இடம் வந்ததும் போனை எடுத்தார்.

"மிஸ், ஒரு சின்ன வேல. இன்னைக்கு நான் மேடைல பேசினத மகன் ரெக்கோட் பண்ணியிருக்கான். குவைத்துல இருக்கிற மகளுக்கு அனுப்பணும்."

"நல்லாத்தானே பேசுனீங்க, தலைவரே."

"நல்லாத்தான். நடுவுல ஒரு எடத்துல, வந்திருந்த பெரியவங்க பேர மறந்துட்டு..." அவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் பே பேன்னு நின்னுட்டேன். அப்பறம் வேற ஆளு பேரச் சொல்லிட்டேன். மக கேட்டா சிரிப்பா. அத..." தொண்டையைக் கனைத்தார். "அத வெட்டலாமா? இல்ல, முழுசாத்தான் இருக்கணும்னு சொல்லுவீங்களா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"இத வெட்டலாம் தலைவரே," என்றேன். "தாராளமா வெட்டலாம். குடுங்க போனை."